எடை மேடை

டர்பன் துறைமுகத்தின் மூன்றாம் வாசலில்
பதினேழு வருடமாக லாரிகளை நிறுக்கிறேன்.
சரக்கோடு ஒருமுறை, சரக்கில்லாமல் ஒருமுறை.
கழித்து வருவதற்குத்தான் காசு.
மற்றதெல்லாம் இரும்பு.

ஆஸ்பத்திரித் தராசு நூற்றைம்பதில் நின்றுவிட்டது.
அதற்குமேல் போக இடமில்லாமல் முள் நடுங்கியதைப் பார்த்து
எழுத வந்த பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
அன்றிரவு ஷிஃப்ட் முடிந்து
ஆளில்லாத எடை மேடையில் நானே ஏறி நின்றேன்.
இருபது இருபது கிலோவாகத்தான் அது பேசும்.
180 என்றது.
காலை மாற்றி ஊன்றினேன்.
200 என்றது.
சீட்டை அச்சிட்டு
வண்டி எண் கேட்ட இடத்தில்
குகேந்திரன் என்று அடித்தேன்.

இரைப்பையை வெட்டிக் குழாய்போல் தைப்பார்கள்,
இரண்டு மணி நேர வேலை என்றார் டாக்டர்.
ஆறு ஆனது.
கல்லீரல் வீங்கி வழி மறித்ததாம்.
நடுவில் கரண்ட் போய், ஜெனரேட்டர் உறுமும்வரை
கைகளைத் தூக்கியபடி எல்லோரும் நின்றார்களாம்.
எனக்கென்ன தெரியும், நான் அங்கே இல்லை.
உடம்பு மட்டும் அந்த ஒடுங்கிய மேசையில்
தன்மேல் தானே ஏறி
ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தது.

விழித்ததும் வயிற்றைத்தான் விசாரித்தார்கள்.
வயிறு எப்படி, தையல் எப்படி, காற்று பிரிந்ததா.
மெரிபேங்கிலிருந்து வந்த சின்ன மாமனார்
போர்வைக்கு மேலாகவே அதைப் பார்த்துக் கும்பிட்டார்.
வலித்தது அங்கில்லை.
இடப்பக்கம், பின்னால், கீழே,
கருங்கல்லை உள்ளே வைத்துத் தைத்தாற்போல்.
எப்படிச் சொல்வது?
நாற்பத்தாறு வயதில், கொழுந்தியாள்கள் சுற்றி நிற்க,
குண்டி வலிக்கிறது என்று?
பள்ளியில் இரண்டு பெஞ்சு முறித்தவன் நான்.
நான் உட்காரும் இடத்தைப் பற்றி
ஊரே பேசியிருக்கிறது.
நானாக வாய் திறந்ததில்லை.

சாக்ரி மட்டும் கேட்டாள்:
ஏன் வலப்பக்கமே சாயறீங்க?
சும்மா, என்றேன்.

இரவு நோம்புசோ வந்தாள்.
கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையை
டார்ச் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.
மாலையில் ரூய்போஸ் தேநீர்.
இப்போது கோக்.
பாபா, எங்கே வலிக்கிறது?
வயிற்றை விடுங்கள். எங்கே?
இருட்டு வசதியாக இருந்தது.
அவள் மொழியில் அந்த இடத்துக்கு எனக்கொரு சொல் தெரியும்,
லாரிக்காரர்கள் வைது வைது கற்றுக்கொடுத்தது.
அதைச் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
உள்ளங்கையை விரித்து வைத்து அழுத்தினாள்.
பலகை மாதிரி இருக்கிறது, என்று போனில் யாருக்கோ சொன்னாள்.

அப்புறம் எண்கள்.
இருநூறுக்குள் இருக்கவேண்டிய ஒன்று
நாற்பத்தோராயிரம்.
தசை உடைகிறது, என்றார் டாக்டர்.
மேசைக்கும் உங்களுக்கும் நடுவில் நசுங்கிச் செத்தது
ரத்தத்தில் கரைந்து
சிறுநீரகத்தின் சல்லடையில் போய் அடைக்கிறது.
எனக்குப் புரிந்தது.
பாரம் மிஞ்சினால் முதலில் வெடிப்பது
இரட்டைச் சக்கரத்தில் உள்பக்கத்து டயர்.
வெளியே நின்று பார்த்தால் வண்டி நேராகத்தான் தெரியும்.

கொழுப்பை இறக்கப் போனவன் நான்.
கொழுப்பு அசையாமல் அங்கேயே இருக்க
அதைச் சுமந்த சதை
முதல் ஆளாகக் கிளம்பிவிட்டது,
கூலி கேட்காமல், நோட்டீஸ் கொடுக்காமல்.

பை பையாக உப்பு நீர் ஏற்றினார்கள்.
மணிக்கு இருநூறு மில்லி வெளியே வரவேண்டும்.
நோம்புசோ குடுவையைக் கண்ணுக்கு நேரே வைத்து
கோடு பார்த்து எழுதினாள்.
நூற்றுப் பத்து. நூற்று நாற்பது. நூற்று முப்பது.
இறங்கிவிட்டதே, என்றேன்.
உங்கள் வேலையை நான் பார்க்கிறேன், தூங்குங்கள், என்றாள்.
வியாழக்கிழமை மறுபடி ரூய்போஸ்.
சனிக்கிழமை அதே தேயிலையை
மூன்றாம் முறை கொதிக்கவைத்த நிறம்.
சாக்ரி பையைப் பார்த்து அழுதாள்,
மூத்திரத்துக்கு அழுத முதல் பெண்டாட்டி நானாகத்தான் இருப்பேன் என்றாள்.

இப்போது நாற்காலியில் ஒரு தலையணை.
இடப்பக்கம் கொஞ்சம் பள்ளம்,
கைவைத்தால் எனக்கு மட்டும் தெரியும்.
நேற்று, வரிசை தளர்ந்த நேரம் பார்த்து, மேடையில் ஏறினேன்.
180.
காலை மாற்றி ஊன்றினேன்.
180.
பின்னால் ஒரு லாரி ஹார்ன் அடித்தது.