கவிழ்த்துச் சுட்டவை

மஞ்சக்குப்பத்தில் ஒரு கிடங்கு.
மின்விசிறி ஒன்று, ட்ரே நாற்பது.
தினக்கூலிக்கு ஓடுகளுக்கு எண் போடுகிறேன்.

இன்று பிரித்த பெட்டி கோட்டை இடிபாட்டில் கிடைத்ததல்ல.
ஒப்பிட்டுப் பார்க்க யாரோ ஒரு துரை
கப்பலில் வரவழைத்தது என்கிறது ரசீது.
கிங்ஸ்டன். கிரிம்ஸ்டன். ஸ்கார்பரோ. ஹாம் கிரீன்.
வாய்விட்டுப் படித்தால்
பழைய ரேடியோவில் கிரிக்கெட் ஸ்கோர்.

எழுநூறு வருஷத்துக் குடங்கள். மேலே எல்லாம் பச்சை.
ஊர் தெரிய உடைந்த விளிம்பைத் திருப்ப வேண்டும்:
கிங்ஸ்டன், அரிசி மாவு வெள்ளை.
கிரிம்ஸ்டன், காய்ந்த உப்பனாற்றுச் சேறு.
ஸ்கார்பரோ, வெந்த இறால்.
"நீங்க எந்த ஊரு" என்று ஆரம்பிப்பவர்கள்
எங்கே போய் முடிப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.
ஓட்டிடம் அதையே கேட்கக் கொஞ்சம் கூச்சம்.

காரீயத்தைப் பொடித்து
பித்தளை அராவிய தூளைக் கலந்து
ஈரம் காயாத குடத்தில் பூசுவார்களாம்.
ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை.
இங்கே இளிக்கவில்லை,
ஈயத்துக்குள் கரைந்து பச்சையாகிவிட்டது.

சூளையில் குடத்தைக் கவிழ்த்து வைத்ததால்
உருகியது வாயை நோக்கி ஓடியிருக்கிறது.
நிமிர்த்தினால், மேலே ஏறும் துளிகள்.
பதினெட்டாம் எண் ஓட்டில் ஒரு துளி
விளிம்புக்கு அரை விரற்கடை முன்பு
மனம் மாறியதுபோல் நின்றுவிட்டது.

மச்சான் சிலுவைராசு
வண்டிப்பாளையத்தில் பழைய பேட்டரி உடைக்கிறார்.
உருக்கிய கட்டிகளை வெறுங்கையால் அடுக்குவார்.
ஜிப்மரில் ரத்தம் எடுத்தார்கள். நாற்பத்தொன்று.
"எவ்வளவு இருக்கணும் டாக்டர்?"
"இருக்கவே கூடாது."
நேற்றிரவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு
கவிழ்ந்து படுத்திருந்தார்.

இருபத்தாறாம் எண், குடத்தின் அடி.
சுற்றிலும் கட்டைவிரல் அழுத்திய பள்ளங்கள்.
என் விரலை வைத்தேன், உள்ளே ஆடியது.
மூன்றாவது பள்ளம் மட்டும் ஆழம் குறைவு.
அங்கே ஏன் கை தளர்ந்தது?
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை.
"அடிப்பகுதி, விரல் தடம், பச்சை மெருகு" என்று எழுதினேன்.

ஐந்து மணிக்குக் கை கழுவிவிட்டு
மருந்துக்கடையில் ரப்பர் கையுறை கேட்டேன்.
"என்ன சைஸ்?"
மச்சானின் கையை நான் அளந்து பார்த்ததில்லை.
"பெரிசு" என்றேன்.