ஜீரோ கேட்டுக்கு முன்னால்

ஒன்பது மணிக்கு அங்கே ஏறி
பத்தரைக்கு இங்கே இறங்குவாள் என்று
டிக்கெட்டில் போட்டிருந்தது.
ஒன்றரை மணி நேரமா சிங்கப்பூர், என்று
மோசஸ் வாயைப் பிளந்தான்.
நாலு மணி நேரம்டா,
ரெண்டரைய வழியில திருப்பிக் குடுத்துடுவாங்க.
யாரு, என்றான்.
அது எனக்கும் தெரியவில்லை.

இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டராம்.
எனக்குக் கிலோமீட்டர் தெரியும்.
ஸ்ரீபெரும்புதூரில் பெட்டி ஏற்றி
மீஞ்சூர் சுற்றி, எண்ணூர் வழியாக வந்து
கே.வி.கே. குப்பத்தில் வரிசை பிடித்து
இன்றோடு மூன்றாவது ராத்திரி.
கேட்டுக்கு இன்னும் இரண்டு கிலோமீட்டர்.
நேற்றைக்கும் இரண்டுதான்.
இதற்கு விரைவுச் சாலை என்று பெயர் வைத்தவர்
ராத்திரியில் வந்து பார்த்ததில்லை போல.

மீனம்பாக்கத்துக்கு வருவதாகத்தான் சொல்லியிருந்தேன்.
இடத்தை விட்டால் பின்னால் இருப்பவன் நுழைவான்,
அப்புறம் நான் எர்ணாவூரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.
"லாரிய மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கினு வாயேன்"
என்றாள் போனில்.
சிரிப்பா, கோபமா?
முன்பெல்லாம் குரலிலேயே தெரிந்துவிடும்.

என் முதுகில் இருக்கிற நாற்பதடிப் பெட்டியும்
அவள் விட்டுவந்த ஊருக்குத்தான் போகிறது.
கப்பலில் ஏறினால் ஒரு வாரம் என்றார்கள்.
ஏறினால்.

பத்தே முக்காலுக்கு, இறங்கிட்டேன்.
பதினொன்றரைக்கு, கார் ஏறிட்டேன்.
பன்னிரண்டேகாலுக்கு, பாரிமுனை.
அதற்குப் பிறகு அவள் போன் செத்துப்போனது.
கல் கொட்டிய கரையில் அலை மோதிக்கொண்டிருந்தது.
மணலிப் பக்கம் வானத்தில்
ஆலையின் நெருப்பு ஒரே இடத்தில் ஆடிற்று.
ஒரு விமானம் சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு
துறைமுகத்துக்கு மேலே போனது.
அதில் வருகிறவர்களுக்கு யார் காத்திருக்கிறார்களோ.

ஒன்றேகால் இருக்கும்.
முன்னால் நின்ற வண்டிகளின் இடுக்கில் ஒருத்தி
சூட்கேஸை உருட்டிக்கொண்டு
ஒவ்வொரு நம்பர் பலகையாகக் குனிந்து பார்த்தபடி.
காசிமேட்டிலேயே இறக்கிவிட்டானாம்,
இதுக்கு மேல போவாதும்மா என்று.
ஹெட்லைட்டை ஒருதரம் அடித்தேன்.
கண்ணை மறைத்துக்கொண்டு
வாய் நிறையத் திட்டினாள்.
குணவதிதான்.

டயர் பார்க்கிறேன் என்று மோசஸ் இறங்கினான்.
பதினெட்டையும் பார்ப்பான். நல்ல பையன்.

கேபினில் ஏறிச் செருப்பைக் கழற்றினாள்.
ரெண்டு கிலோமீட்டர் நடந்தேன்யா, என்று
பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.
இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தைப் பற்றிப் பேச்சில்லை.
மணி என்ன, என்றேன்
வேறு எதுவும் கேட்க வராமல்.
கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாலு என்றாள்.
"இந்நேரம் எழுந்திருப்பேன்.
அந்தம்மாவுக்குத் துணி மாத்தணும்."
முள்ளை அவள் திருப்பி வைக்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

காலடிப்பேட்டை இங்கிருந்து பத்து நிமிஷ நடை.
வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினேன்.
வாங்கி மடியில் வைத்துக்கொண்டு
அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

முன்னால் ஒரு வண்டி இரைந்தது.
அதற்கு முன்னால் இன்னொன்று.
நானும் அவசரமாகக் கியரைப் போட்டேன்.
மோசஸ் பின்னாலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

ஒரு லாரி நீளம் போனோம்.

"அவ்ளோதானா?" என்றாள்.
ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.