மூன்றாம் சிம்பொனி, நாலு பெட்டரி

என்னிடம் ஆறு தட்டு இருக்கின்றன.
ஆறிலும் ஒரே சிம்பொனி, மூன்றாவது.
பெயரின் நடு எழுத்துக்கு மேல் இரண்டு புள்ளி வைத்த
ஒரு வடதேசத்து மனிதர் எழுதியது.
அவர் ஊரிலேயே அவரை இப்போது யாரும் வாசிப்பதில்லை என்று
உறையின் பின்பக்கம் போட்டிருக்கிறது.
கொட்டகலையில் நான் கேட்கிறேன்,
ஐந்து தோட்டத்து மீற்றரும் பார்த்து வந்து,
கணுக்காலில் ஊறிய அட்டைகளை உப்பால் உதிர்த்துவிட்டு,
கதவைச் சாத்திக்கொண்டு.

முதல் தட்டு துரை பங்களா ஏலத்தில் கிடைத்தது,
கோழிக்கூட்டுக் கம்பிவலையோடு சேர்த்து ஒரே விலை.
இரண்டாம் பக்கம் முழுக்கப் பூஞ்சணம்.
செலோக்கள் அழும்போது
பக்கத்தில் யாரோ கடுகு தாளிக்கிறார்கள்.
மற்றவை கொழும்பு நடைபாதை, கட்டாருக்குப் போன பையன்,
ஒன்று மட்டும் எப்படி வந்ததென்று சொல்லமாட்டேன்.

கொப்பியில் கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.
மெதுவான பகுதி ஒருவருக்குப் பதினொரு நிமிடம்,
இன்னொருவருக்குப் பதினாலரை.
பதினாலரைக்காரர் கொழுந்து நிறுக்கும் கணக்கப்பிள்ளை மாதிரி.
ஒவ்வொரு சுரத்தையும் தராசில் போட்டு
முள் நிற்கும்வரை பார்க்கிறார்,
பிறகு சாக்குக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறார்.

எதுவும் அந்தக் கசட் இல்லை.

எண்பத்தாறு, சிற்றலை, கரண்ட் போன இரவு.
மச்சானின் ரேடியோவுக்கு முன்னால்
ரெக்கோடரைத் தலையணையில் சாய்த்து
இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினேன்.
நடத்துநர் பெயரை அறிவிப்பாளர் சொன்னார்,
இரைச்சல் வந்து அள்ளிக்கொண்டு போனது.
இரண்டாம் பகுதியில் தகரத்தில் மழை.
ஓபோ தனியாக நிற்கிற இடத்தில் மச்சான் தும்முகிறார்.
எந்தத் தட்டைப் போட்டாலும் அந்த இடத்தில்
நான் இன்னும் தும்மலுக்குக் காத்திருக்கிறேன்.

ஆனால் கடைசிப் பகுதி!
எல்லோரும் பதினொரு நிமிடத்தில் நடந்து முடிக்கிற தூரத்தை
அவர் பத்து நிமிடம் இருபது வினாடியில் ஓடுகிறார்.
ஓடுவதோடு ஏறவும் செய்கிறார்.
சுரங்கத்தை விட்டு வெளியே வந்த ரயில்பெட்டியில்
ஒவ்வொரு முகமாக வெளிச்சம் விழுவதுபோல
கொம்புகள் ஒவ்வொன்றாகத் துலங்குகின்றன.
பேர் தெரியாத அந்த மனிதரைத் தேடித்தான்
இருபத்திரண்டு வருடம், இந்த ஆறு தட்டும்.

பண்டாரவளை மருந்துக்கடைத் திலகேஸ்வரியும் சேர்ப்பவள்.
எங்களுக்குத் தெரிந்து இந்த மலையில் நாங்கள் இரண்டு பேர்.
ஞாயிற்றுக்கிழமை ரயிலில் வந்தாள்,
பஜனைக்கு வைத்திருக்கும் சுருதிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு.
கசட்டைக் கேட்டாள். பெட்டியைத் திறந்தாள்.
மறுபடி கேட்டாள்.
"தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரு முழுச் சுரம் வித்தியாசம்.
வேகத்தக் கூட்டலாம். எண்பது பேர் சேர்ந்து
சுருதிய ஏத்த ஏலாது."
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"அன்னிக்குப் போட்ட பெட்டரி புதுசா?"

சாகிற பெட்டரி நாடாவை மெதுவாக இழுக்கும்.
மெதுவாகப் பதிந்ததை நல்ல கரண்டில் போட்டால் பறக்கும்.
நான் மின்சாரசபைக்காரன்.
எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நாலு பெட்டரி,
அதில் இரண்டு மச்சானின் டோர்ச்சிலிருந்து கழற்றியது.
தேத்தண்ணி ஆடை கட்டிக் கிடந்தது.
எதிர் மலையைப் பனி மூடித் திறந்து மூடியது.
சிரிக்கத்தான் பார்த்தேன், வரவில்லை.

கொப்பியை எடுத்துப் புரட்டினாள்.
ஏழாவது வரி, நடத்துநர் என்ற கட்டம்,
பென்சிலால் எழுதி எழுதி அழித்து
தாள் மெலிந்துபோன இடம்.
விரலால் தடவினாள், ஒன்றும் எழுதவில்லை.
அவளுடைய ரயிலுக்கு இன்னும் நாற்பது நிமிடம்.

"இன்னொருக்காப் போடுங்க."

கடைசிப் பகுதியா?

"இல்ல. தும்மல்ல இருந்து."