தாழ்ப்பாள்

மார்த்தாண்டம், மாடி ஹால், ஞாயிறு மாலை ஆறு மணி.
மினிட்ஸ் எழுதும் வேலை எனக்கு.

ஷோபனா டீச்சர் சொன்னார்: சுரண்டல்.
வக்கீல் மெர்லின் சொன்னார்: அவள் உடல், அவள் முடிவு.
இரண்டையும் எழுதினேன்.
இரண்டுக்கும் கைதட்டினேன், அதை எழுதவில்லை.

கடைசி நாற்காலியில் சுஜிதா.
நேற்று ராத்திரி திங்கள்சந்தைக் கொடையில்
ரெக்கார்டு டான்ஸ்;
காதோரம் ஜிகினா இன்னும் போகவில்லை.

"எட்டு வருசம் அண்டி தல்லினேன்.
தோட்டெண்ணெ பட்டு எனக்க வெரலு வெந்தப்ப
இது ஒனக்க விருப்பமான்னு
ஒருத்தரும் கேக்கல்ல."

மெர்லின் நிமிர்ந்தார்.

"ரெண்டாயிரம் பேசி
ஏஜெண்டு தாறது ஆயிரத்தி நூறு.
பாதிப் பாட்டுல எறங்கணும்னா விடமாட்டான்."

டீச்சர் நிமிர்ந்தார்.

அவள் யாரையும் பார்க்காமல்
பையை மடியில் எடுத்து வைத்தாள்.
"மேடைக்குப் பொறத்த
துணி மாத்த ஒரு ரூம் வேணும்.
உள்ளேருந்து போடுத தாழ்ப்பாளு.
அருமனைக்குக் கடைசி பஸ் எட்டு பத்துக்கு,
நான் போட்டா?"

அவள் போன பிறகும்
அவளைப் பற்றி
ஒன்பதரை வரை பேசினோம்.
தீர்மானம்: அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைப்பு.

நோட்டு ஓரத்தில் பென்சிலால்
ஒரு சொல் குறித்திருந்தேன்.
வாசித்துக் காட்டும்போது
அதை விட்டுவிட்டேன்.