கறுப்புப் பூச்சு

மேலப்பாளையத்தில் வலீமா விருந்து.
தால்சாவுக்கு நான் கை நீட்டியதுதான் தாமதம்.
"ரோலக்ஸுக்கு எதுக்குவே தார் பூசினீரு?"
"இனிமே கம்பெனிக்காரன் தொடமாட்டான்."
"வித்தா பாதிகூடத் தேறாது, பாத்துக்கிடும்."
பத்தமடை நூகு மட்டும்
எடை பார்ப்பவர்போல மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்து
"நல்லாத்தாம் இருக்கு மாப்ளே" என்றார்.
அவர் எனக்கு முப்பதாயிரம் தரவேண்டியவர்.

நான் வாய் திறக்கவில்லை.
ஷார்ஜாவில் ஏழு மாதச் சம்பளத்துக்குப் பதிலாக
முதலாளி தன் கையிலிருந்து
கழற்றிக் கொடுத்தது இது.
வெயிலில் மினுங்கும்போதெல்லாம்
அவன் கையைத்தான் நான் போட்டிருந்தேன்.
கொச்சிக்குப் போய்
காசு கொடுத்துக் கறுப்பாக்கினேன்.

நாலே மாதம்.
பைக் ஹேண்டிலில் உரசி உரசி
கொக்கி ஓரம் பல்லிளிக்கிறது.
அவனும்
கடைவாயில்தான் சிரிப்பான்.