ரசலையனின் வளைகோடு

குழித்துறைப் பாலம் தாண்டி
மரமில் நடத்திய ரசலையனிடம்
அறுபதாயிரத்துக்கு வாங்கினேன்,
ஒன்றரை லட்சம் ரூபாய் ஹெட்போன்.
ஒரு கீறல் இல்லை.
செவி படும் ஆட்டுத்தோலில் மட்டும்
லேசாக வியர்வை உப்பு.

ஏன் விக்கிறீங்க என்று கேட்டதற்கு,
"இதுக்கு மேல்சத்தம் கம்மியாக்கும் கொச்சே.
ஜாலராவ பாயில சுருட்டி வச்சதுபோல கேக்கும்.
நான் ஒரு ஈக்வலைசர் கணக்கு போட்டு வச்சிருக்கேன்,
அதயும் அனுப்பித் தாறேன்.
அது போட்டா பின்ன பரவாயில்ல."

ஆரல்வாய்மொழி. ஆடிக் காற்று.
காற்றாலைக் கட்டுப்பாட்டு அறையில் இரவு முறை முடித்து
காலை ஏழரைக்குக் குவார்ட்டர்ஸ் கதவைச் சாத்தி
அவர் கணக்கை ஏற்றினேன்.
முதல் வரி, மொத்தத்தையும்
பன்னிரண்டு டெசிபல் இறக்கு என்றது.
எதையோ ஒன்றை உயர்த்தப் போகிறவர்
எல்லாவற்றையும் முதலில் தாழ்த்தவேண்டும்,
இல்லையென்றால் உச்சியில் ஒலி பிளந்துவிடும்.
எனக்கும் தெரிந்ததுதான்.

வயலின் தொடங்கியது.
யாரோ வில்லை வாங்கி வைத்துக்கொண்டு
அரத்தைக் கொடுத்துவிட்டார்கள் போலிருந்தது.
பாடியவள் ஒவ்வொரு சகரத்துக்கும்
என் கடைவாய்ப் பல்லில் ஊசி ஏற்றினாள்.
கழற்றி வைத்துவிட்டு வளைகோட்டைப் பார்த்தேன்.
ஆயிரம் ஹெர்ட்ஸ்வரை நாஞ்சில் வயல்,
இரண்டாயிரத்தில் கொஞ்சம் மேடு,
ஆறாயிரத்தில் நெட்டுக்குத்தாக
என் ஜன்னலில் தெரிகிற அதே தாடகை மலை.

கணக்கு சரியாகத்தான் இருந்தது.
முப்பத்திரண்டு வருஷம்
ரப்பர் தடியும் அயனியும் அறுத்த வட்டவாள்
தினம் எட்டு மணிநேரம் பிடித்த சுருதி அது.
வாள் அவர் செவியில் அறுத்தெடுத்த துண்டு
எத்தனை அகலம், எத்தனை ஆழம் என்று
நூல் பிடித்து வரைந்து
எனக்கு அனுப்பியிருக்கிறார்,
தெரியாமல்.

அன்று தூக்கம் வரவில்லை.
மத்தியானம் எழுந்து
மலையைக் கவிழ்த்துப் பள்ளமாக்கினேன்.
அவர் ஏற்றிய இடத்தையெல்லாம் இறக்கி
அவர் செவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
ஜாலரா போயே விட்டது.
செய்தி வாசிக்கிறவரின் வல்லினம் உதிர்ந்து
மெல்லினம் மட்டும் மிதந்து வந்தது.
கடையா, படையா, தடையா,
முகம் பார்த்தால்தான் பிரிக்கமுடியும்.
எங்கோ பதிவுசெய்த மழை ஒன்று இருந்தது,
நனைந்த சாக்கை உதறுவதுபோல.

பாக்கி ஐயாயிரம் அனுப்பிவிட்டுப் போன் செய்தேன்.
மார்த்தாண்டத்தில் ஒரு செவி டாக்டர் இருக்கிறார்
என்று ஆரம்பிக்க நினைத்து
நாக்கு நுனிவரை கொண்டுவந்தேன்.
"எனக்க கணக்கு போட்டுப் பாத்தியா?"
"பாத்தேன்."
"எப்பிடி?"
குரலைத் தாழ்த்தி
அவருக்குக் கேட்கிற எழுத்தாகப் பொறுக்கினேன்.
"மணிமணியா, மாமா."
சிரித்தார்.
"ஒனக்க சத்தம் நல்லா வெளங்குது பிள்ளே.
எனக்க மருமவ பறையதுதான் ஒண்ணும் புரியமாட்டேங்கு.
வாய்க்குள்ளயே வச்சுப் பறையுவா."
அவள் சாப்பிடக் கூப்பிடுவது
எனக்குப் போனிலேயே கேட்டது.
இரண்டுமுறை.

அவர் கணக்கை அழிக்கவில்லை.
பதினோரு நாள் உட்கார்ந்து
எனக்கென்று ஒன்று வரைந்தேன்.
நூற்றிருபதில் ஒரு குழி விழுந்திருக்கிறது.
பின்புறம் திறந்த ஹெட்போன் இது,
வெளியே சுற்றுகிறதெல்லாம் உள்ளே வரும்.
இந்த முழக்கத்தை நான் கேட்பதே இல்லை என்றுதான்
வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.
காற்று நிற்கிற மாசியில்
வேறு யாராவது போட்டுக் கேட்டால்
மிருதங்கத்தின் இடப்பக்கம் காணாமல் போயிருக்கும்.