முப்பத்தெட்டு

ஐந்து ரோடு, இரண்டாவது மாடி, காலை ஏழு நாற்பது.
சென்ட்ரிஃப்யூஜின் மூடியைத் துடைக்கிறேன்.
குப்பியில் பெயர், மூடியில் பெயர், படிவத்தில் பெயர்.
மூன்றையும் உரக்கப் படிப்பேன்,
ஜாஸ்மின் எதிரே நின்று ஆமாம் என்பாள்.
கல்யாணத்தில்கூட யாரும் இவ்வளவு சரிபார்ப்பதில்லை.

மாதையன், முப்பத்து நான்கு வயது.
செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளி உருக்குகிறவர்.
சட்டைக்குள் அணைத்து, உடம்புச் சூட்டோடு
கொண்டுவந்தார் குப்பியை.
அரை மணி நேரம் இளகக் காத்திருந்தேன்.

அடியில் எண்பது சதவீதக் கரைசல்.
அதன்மேல் நாற்பது, கலக்காமல், கோடு தெரிய.
அதற்கும் மேலே அவர்.
இருபது நிமிடச் சுழற்சி.
செத்ததும் கோணலும் நடுவில் தங்கிவிடும்,
ஓடக்கூடியது அடியில் இறங்கும்.

சொன்னதும் சிரித்தார்.
"எங்க பட்டறையும் இதே கதைதாங்க,
கசடு மேல, வெள்ளி கீழ."
கொஞ்சம் யோசித்து,
"ஆனா செம்பும் கூடவேதான இறங்கும்?
உரசிப் பாத்தாத்தான தெரியும்?"

பதினோரு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

எங்களிடமும் ஓர் உரைகல் இருக்கிறது.
கண்ணாடித் தகட்டில் அமிலம், உப்புக் கரைசல், சாயம்.
மரபிழை முழுதாக இருந்தால்
தலையைச் சுற்றி ஊர்கோள் விழும்,
மழைக்கு முந்தின நிலாவுக்குப் போல.
உள்ளே அறுந்திருந்தால்
வெறும் தலை.

ஐந்நூறு எண்ணினேன்.
ஊர்கோள் இல்லாதவை நூற்றுத் தொண்ணூறு.
முப்பத்தெட்டு சதவீதம்.
காலையில் அத்தனையும் அழகாக நீந்தின என்பதுதான்
எனக்கு எரிச்சல்.
நூல் அறுந்ததும் அறாததும்
ஒரே மாதிரிதான் ஓடுகின்றன.

கோகிலவாணியின் ஃபைலை ஒரு கையால் தூக்க முடியாது.
குழாயில் சாயம் ஏற்றிய படம்,
தொப்புளில் துளையிட்ட ரிப்போர்ட்,
மூன்றாம் நாளோடு நின்றுபோன நான்கு கரு.
அவருடையது ஒரே ஒரு தாள்,
நான்கு வருடம் முந்தியது:
எண்ணிக்கை இயல்பு.

என் எண்ணை இரண்டு தடவை கேட்டாள்.
"இதைத் தமிழ்ல, எழுத்தால எழுதித் தாங்க."
பின்பக்கத்தில் முப்பத்தெட்டு என்று எழுதினேன்.
ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே
அதை வைத்தாள்.
அழவில்லை. ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுப் போட்டாள்.

உலையை விட்டு மூன்று மாதம் தள்ளியிருங்கள்,
என்றார் டாக்டர் ஷமீமா.
தீபாவளிக் கொலுசு ஆர்டர் முழுக்கக் கிடந்தது.
மாதையன் கண்ணி கோர்க்கிற இடத்தில் போய் உட்கார்ந்தார்.
பொம்பளை வேலை என்று பட்டறையே சிரித்ததாம்.
"விரலு முழுக்கக் குத்துங்க" என்று காட்டினார்.

கார்த்திகையில் திரும்பி வந்தார்கள்.
ஜன்னலுக்கு வெளியே ஏற்காடு மலை இல்லை,
மேகம்தான் இருந்தது.
நான் அதே ஐந்நூறை எண்ணினேன்.
நூற்றுப் பதினாறு.
குறைந்திருக்கிறது.
இல்லாமல் போய்விடவில்லை.

இந்த முறை சுழற்றவில்லை.
சுழற்சியிலேயே சிலது அடிபடும்,
விளம்பரத்தில் அதைப் போடமாட்டார்கள்.
உள்ளங்கை அகலச் சில்லு,
ஒரு பக்கம் விட்டால்
நுண்துளைச் சல்லடை வழியே தாமாக நீந்தி
மறுபக்கம் வரவேண்டும்.
விலையைக் கேட்டு, கொலுசுக் கூலியை விரல்விட்டு எண்ணிப் பார்த்து,
சரி என்றார்.

நடுவில் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் பிடிக்கிறவரை
இன்குபேட்டரின் முப்பத்தேழைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.
அசையவில்லை.

ஏழு முட்டை. மூன்று மணிக்கு ஊசியில் ஏற்றினோம்.

நாளைக் காலை ஏழுக்குள் பார்க்க வேண்டும்,
முட்டைக்குள் இரண்டு வட்டம் பக்கம் பக்கமாக
வந்திருக்கிறதா என்று.
இந்த மழையில் ஆட்டோ கிடைக்காது.
ஜங்ஷனிலிருந்து ஐந்து ஐம்பது பஸ்,
தவறினால் ஆறு இருபது.
அலாரத்தை இரண்டுக்கும் வைத்தேன்.